விழிப்பை அளந்த கருவிகள்: கப்பல் காவல் எச்சரிக்கை அமைப்பின் வரலாறு

நடுக்கடலில் நங்கூரம் தரையை எட்டாது. ஆகையால் இரவு வந்துவிட்டது என்பதற்காகக் கப்பலை நிறுத்திவைத்து எல்லாரும் உறங்கச் செல்லும் வழக்கம் ஆழ்கடல் ஓட்டத்தில் ஒருபோதும் இருந்ததில்லை. யாராவது ஒருவர் விழித்திருந்து, முன்னால் வருவது கரையா, பாறையா, மற்றொரு கப்பலா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்னும் தேவையிலிருந்துதான், கப்பல் பணியாளர்களைக் குழுக்களாகப் பிரித்து, முறைவைத்துக் காவல் நிற்கச் செய்யும் ஏற்பாடு உருவாயிற்று. அந்தக் காவலர் உண்மையிலேயே விழித்திருக்கிறாரா என்பதை யார் கண்காணிப்பது என்ற கேள்வியும் அதே அளவு பழையது. இன்று பெரும்பாலான வணிகக் கப்பல்களின் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தளக் கூடத்தில், பொருத்தப்பட்டுள்ள காவல் எச்சரிக்கை அமைப்பு அக்கேள்விக்குக் கிடைத்த மிக அண்மைய விடையாகும். முன்பு மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்துவந்த ஒரு வேலை, பிரிட்ஜிலிருந்து ஆட்கள் குறையக் குறைய, படிப்படியாக ஒரு பொத்தானிடம் வந்து சேர்ந்த கதையாகவே அதன் வரலாற்றைப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பியப் பாய்மரக் கப்பல்களில் ஒரு நாள் நான்கு மணி நேரக் காவல்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரையிலான காவல் மட்டும் இரண்டிரண்டு மணி நேரமாக மீண்டும் பிளக்கப்பட்டது. இதனால் ஒரு நாளில் ஏழு காவல்கள் அமைந்தன. ஏழு என்பது ஒற்றைப்படை எண்ணாகையால், இரண்டு குழுக்களில் எதுவும் நாள்தோறும் நள்ளிரவுக் காவலிலேயே சிக்கிக்கொள்ளாமல் முறை தானாக மாறியது. அரை மணிக்கு ஒருமுறை மணற்கடிகாரம் புரட்டப்பட்டு, கப்பல் மணி அடிக்கப்பட்டது. முதல் அரை மணிக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று ஏறி, எட்டாவது ஒலிப்போடு ஒரு காவல் முடிந்தது. தமிழரின் நாழிகைக் கணக்கில் ஒரு நாழிகை இருபத்து நான்கு நிமிடமாகையால், அக்கப்பல்களின் கால அலகு அதைவிடச் சற்றே நீண்டது என்று கொள்ளலாம்.

இம்மணி காலத்தை மட்டும் அறிவிக்கவில்லை என்பதே இங்கு முக்கியமானது. போர்க்கப்பல்களில் இரவுக் காவலின்போது ஒவ்வொரு முறை மணி அடிக்கப்பட்டதும், முன்தளத்திலும் பக்கத் தளங்களிலும் நின்ற பார்வைக் காவலர்கள் ஒருவர்பின் ஒருவராக, எல்லாம் நலம் என்று உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். ஒரு திசையிலிருந்து குரல் வராவிட்டால், அங்கே நிற்பவர் உறங்கிவிட்டார் அல்லது அவருக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று பொருள். உடனே ஆள் அனுப்பிப் பார்க்கப்பட்டது. குறித்த இடைவெளியில் கேள்வி எழுவது, அதற்கு விழித்திருப்பவர் விடையளிப்பது, விடை இல்லாவிட்டால் மற்றொருவர் எழுப்பப்படுவது என்ற மூன்று உறுப்புகளும் அன்றே முழுமையாக இருந்தன. இன்றைய மின்னணு அமைப்பு அவற்றோடு புதிய உறுப்பு எதையும் சேர்த்துவிடவில்லை. ஏய்ப்பும் அன்றே இருந்தது. மணல் முழுதும் இறங்குமுன் கண்ணாடியைப் புரட்டிவிட்டுத் தன் காவலைச் சுருக்கிக்கொள்ளும் தந்திரம் கப்பற்படையில் எல்லாரும் அறிந்த ஒன்றாக இருந்தது. தண்டனையோ கடுமையானது. பிரிட்டிஷ் கடற்படையின் 1749ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி, காவலில் உறங்கிய குற்றத்திற்கு மரண தண்டனை வரை இராணுவ நீதிமன்றம் விதிக்கலாம்.

நீராவிக் காலம் காவல் நிற்கும் இடத்தை மாற்றியது. இருபுறமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள் கொண்ட தொடக்க கால நீராவிக் கப்பல்களில், அச்சக்கரங்களின் மூடிகளை இணைத்துக் குறுக்கே போடப்பட்ட நடைபாலத்தில் நின்றால் முன்பக்கம் தடையின்றித் தெரிந்தது. துடுப்புச் சக்கரங்கள் மறைந்த பின்னும் அப்பாலம் நிலைத்து, மேற்கூரையும் கண்ணாடியும் பெற்று, பிரிட்ஜ் என்ற பெயரோடு கட்டளைக் கூடமாக வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெரிய கப்பலின் பிரிட்ஜில் இரவு நேரத்தில் காவல் அதிகாரி, சுக்கான் பிடிப்பவர், பார்வைக் காவலர் ஆகியோரோடு, செய்தி கொண்டுசெல்லவும் உதவிக்கு நிற்கவும் மேலும் ஓரிருவர் இருப்பது வழக்கமாக இருந்தது. அந்நிலையில் ஒருவர் தலை சாய்ந்தால் மற்றவர் பார்த்துவிடுவார். அதற்கென ஒரு கருவி வேண்டும் என்ற எண்ணமே எழ இடமில்லை.

ஆட்களைக் குறைத்த முதல் கருவி, கப்பலைத் தானே நேர்வழியில் பிடித்துவைக்கும் ஆட்டோபைலட் ஆகும். சுழலும் சக்கரத்தின் இயல்பைக் கொண்டு உண்மை வடக்கைக் காட்டும் கைரோ திசைகாட்டி 1908ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் அன்ஷூட்ஸ் என்பவரால் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. அதைச் சுக்கானோடு இணைக்கும் பொறியை அமெரிக்கரான எல்மர் ஸ்பெர்ரி 1920களின் தொடக்கத்தில் வணிகக் கப்பல்களில் ஏற்றினார். கடலோடிகள் அதற்கு மெட்டல் மைக் என்று செல்லப்பெயர் வைத்து, ஒரு மாலுமியாகவே அதைக் கருதினார்கள். ஆனால் இரும்பு மாலுமி திசையை மட்டுமே காத்தது. திருப்ப வேண்டிய இடம் வந்துவிட்டதா, எதிரே பாறை இருக்கிறதா என்பதை அது அறியாது. கையில் சுக்கான் பிடித்திருந்தவருக்கு உறக்கம் வந்தால் கப்பல் உடனே தடம் விலகி, அந்த விலகலே எச்சரிக்கையாகிவிடும். ஆட்டோபைலட் வந்த பிறகு, உறங்கிவிட்ட அதிகாரியின் கப்பலும் ஒரு கோடு பிசகாமல் மணிக்கணக்கில் ஓடும். பின்னாளில் நிகழ்ந்த பல தரைதட்டல்களின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மனிதக் காவலுக்குப் பதிலாக ஒரு கருவியைச் சட்டமே ஏற்றுக்கொண்ட முதல் முன்மாதிரி பிரிட்ஜில் அல்லாமல் வானொலி அறையில் தோன்றியது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய இரவில், அருகிலிருந்த கலிபோர்னியன் என்ற கப்பலின் ஒரே வானொலி இயக்குநர் பணி முடித்துப் படுக்கைக்குச் சென்றுவிட்டிருந்தார். உதவிக் குரல் அக்கப்பலை எட்டவில்லை. அதன் விளைவாக 1914இல் சோலாஸ் எனப்படும், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையின் முதல் வடிவம் உருவாகி, இடையறாத வானொலிக் காவல் வலியுறுத்தப்பட்டது. எல்லாக் கப்பல்களிலும் மூன்று இயக்குநர்களை வைத்துச் சம்பளம் கொடுக்க உரிமையாளர்கள் முன்வராத நிலையில், தானியங்கி அலாரம் என்ற கருவி இடைவெளியை நிரப்பியது. ஆபத்திலிருக்கும் கப்பல், நான்கு நொடி நீளமான கோட்டொலியை ஒரு நொடி இடைவெளி விட்டுப் பன்னிரண்டு முறை, அதாவது சரியாக ஒரு நிமிடம், அனுப்ப வேண்டும். அவ்வொலியை அடையாளம் காணும் கருவி, உறங்கும் இயக்குநரின் அறையிலும் பிரிட்ஜிலும் மணியை அடிக்கும். செயற்கைக்கோள் சார்ந்த ஆபத்துத் தொடர்பு முறை 1999 பிப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, அந்த அலாரத்தோடு வானொலி அதிகாரி என்ற பதவியும் பெரும்பாலான கப்பல்களிலிருந்து மறைந்தது.

நிலத்தில் ரயில் எஞ்சின்களில் இதே சிக்கல் வேறு வகையில் தீர்க்கப்பட்டிருந்தது. ஓட்டுநர் மயங்கிக் கைப்பிடியை விட்டால் மின்சாரம் துண்டிக்கப்பட்டு வண்டி நின்றுவிடும் ஏற்பாடு மின்ரயில்களோடு வந்தது. ஓட்டுநர் சிறிது நேரம் எந்த இயக்கமும் செய்யாதிருந்தால் எச்சரித்து, பிறகு பிரேக் போடும் விழிப்புக் கருவி இந்திய ரயில் எஞ்சின்களிலும் உண்டு. கப்பலில் அது அப்படியே பொருந்தாது. ரயில் நின்றுவிட்டால் பெரும்பாலும் பாதுகாப்பு. கப்பலோ எஞ்சின் நின்ற பிறகும் நெடுந்தூரம் நழுவும், காற்றும் நீரோட்டமும் அதை எங்கும் இழுத்துச் செல்லும். எனவே கப்பற்கருவி நிறுத்த முயலாமல், மற்றொரு மனிதரை எழுப்ப முயல்கிறது. எஞ்சின் அறையில் இரவுக் காவலே இல்லாமல் ஓடும் கப்பல்கள் 1960களில் பரவியபோது, தனியாக உள்ளே செல்லும் பொறியாளருக்கென இத்தகைய அலாரம் வைக்கப்பட்டது. மாலுமிகள் அதை டெட்மேன் அலாரம் என்றே அழைத்தார்கள். பிரிட்ஜ் அமைப்புக்கும் அதே பெயர் பேச்சில் ஒட்டிக்கொண்டது.

பெட்டகக் கப்பல்கள் பெருகி, துறைமுகத்தில் தங்கும் காலம் நாள்களிலிருந்து மணிகளாகச் சுருங்கிய 1980களிலும் 1990களிலும், காவல் அதிகாரியே இரவிலும் ஒற்றையாளாகப் பார்வைக் காவலையும் சேர்த்துச் செய்யலாமா என்ற கேள்வி சர்வதேச கடல்சார் அமைப்பின் முன் வந்தது. சில நாடுகளின் கப்பல்களில் சோதனைகள் நடந்தன. 1990களின் பிற்பகுதியில் அவை கைவிடப்பட்டன. வெளிச்சமுள்ள நேரத்தில், தக்க நிபந்தனைகளோடு, அதிகாரி தனித்து நிற்கலாம். இருளில் அவரோடு மற்றொரு பார்வைக் காவலர் இருந்தாக வேண்டும் என்பதே மாலுமிகளின் பயிற்சி மற்றும் காவல் தரங்களை வகுக்கும் உடன்படிக்கையின் நிலை. ஏட்டில் அவ்வாறு இருக்க, ஐரோப்பியக் கரையோரச் சிறு சரக்குக் கப்பல்களில் நடைமுறை வேறாக இருந்தது. கேப்டனும் முதன்மை அதிகாரியும் ஆக இருவர் மட்டுமே ஆறு மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு என்று மாறி மாறி நின்றார்கள். அவர்களோடு நிற்க வேண்டிய மாலுமி, பகலில் தள வேலைக்குத் தேவை என்பதற்காக இரவில் உறங்க அனுப்பப்பட்டார்.

1997 மார்ச் 26 அதிகாலையில், சவுத்தாம்ப்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் சென்றுகொண்டிருந்த சீட்டா என்ற பெட்டகக் கப்பல், காவல் அதிகாரி உறங்கிவிட்டிருக்க, இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள சில்லித் தீவுகளின் பாறையில் நேராக ஏறியது. ஊழியர்கள் காப்பாற்றப்பட்டார்கள், பெட்டகங்களிலிருந்து காலணிகளும் டயர்களும் கரை ஒதுங்கிய செய்தியே மக்கள் நினைவில் நின்றது. வரலாற்றுக்கு அதைவிட முக்கியமான செய்தி, அக்கப்பலில் காவல் அலாரம் இருந்தும் அது அணைத்துவைக்கப்பட்டிருந்தது என்பதாகும். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுக் கிளை, 1994 முதல் 2003 வரையிலான மோதல்களையும் தரைதட்டல்களையும் தொகுத்து ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட அறிக்கை, ஆராயப்பட்ட தரைதட்டல்களில் மூன்றில் ஒரு பங்கு, களைத்துப்போன ஒரே அதிகாரி இரவில் பிரிட்ஜில் தனித்திருந்தபோது நிகழ்ந்தவை என்று கண்டது. ஐந்நூறு டன்னுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அனைத்திலும் கேப்டனைத் தவிர இரு காவல் அதிகாரிகளாவது இருக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அப்பரிந்துரை உலகப் பொதுவிதியாகவில்லை. உலகப் பொதுவிதியானது அலாரம்தான்.

அலாரத்தின் செயல்தரம் 2002 மே மாதத்திலேயே சர்வதேச கடல்சார் அமைப்பின் தீர்மானமாக வகுக்கப்பட்டிருந்தது. அதன் இயக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். ஒவ்வொரு முறை ரீசெட் பொத்தான் அழுத்தப்பட்டதும் அமைதிக்காலம் ஒன்று தொடங்குகிறது. அதன் நீளத்தை மூன்று நிமிடத்திலிருந்து பன்னிரண்டு நிமிடத்துக்குள் கேப்டன் முன்கூட்டியே அமைத்துவைப்பார். அக்காலம் முடிந்ததும் பிரிட்ஜில் முதலில் ஒரு விளக்கு மட்டும் மின்னும். விழித்திருக்கும் அதிகாரி அதைக் கண்டு பொத்தானைத் தட்டிவிட்டால், உறங்குபவர் எவருக்கும் தொல்லையின்றிச் சுற்று மீண்டும் தொடங்கும். தட்டாவிட்டால், பதினைந்து நொடி கழித்துப் பிரிட்ஜிலேயே ஒலி எழும். இது முதல் கட்டம். மேலும் பதினைந்து நொடியில் அந்த ஒலி கீழ்த்தளத்துக்கு இறங்கி, கேப்டன் அல்லது மாற்று அதிகாரியின் அறையில் கேட்கும். இது இரண்டாம் கட்டம். அதற்கும் விடையில்லையேல், தொண்ணூறு நொடி கழித்து, நிலைமையைக் கையாளக்கூடிய மற்றப் பணியாளர்கள் இருக்கும் இடங்களில் மூன்றாம் கட்டம் ஒலிக்கும். பெரிய கப்பல்களில் ஒருவர் தம் அறையிலிருந்து பிரிட்ஜுக்கு ஏறிவர நேரம் பிடிக்குமாகையால், இவ்விடைவெளியை மூன்று நிமிடம் வரை நீட்டிக்கொள்ளலாம். பயணிகள் இல்லாத கப்பலில் இரண்டாம், மூன்றாம் கட்டங்களை ஒன்றாக்கி எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யவும் தரம் இடம் தருகிறது.

இத்தரத்தை எழுதியவர்கள், மணற்கடிகாரத்தை முன்கூட்டிப் புரட்டிய மாலுமியின் வழித்தோன்றல்களை நன்கு அறிந்திருந்தார்கள் என்பது அதன் உட்பிரிவுகளில் தெரிகிறது. பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்திருந்தால் அமைதிக்காலம் நீளக் கூடாது. ஆகவே ஒரு ஆப்பைச் செருகி அதை ஏமாற்ற முடியாது. முன்பக்கப் பார்வைக்கு உகந்த இடங்களில் மட்டுமே பொத்தான் இருக்க வேண்டும்; வரைபட அறையின் மூலையில் நாற்காலியில் சாய்ந்தபடி அழுத்த வழி இருக்கக் கூடாது. இயக்க நிலையையும் அமைதிக்காலத்தின் நீளத்தையும் மாற்றும் அதிகாரம் சாவி அல்லது கடவுச்சொல் மூலம் கேப்டனுக்கு மட்டுமே உரியது. பொறுக்க முடியாத நெருக்கடியில் அதிகாரி தாமே உடனடியாக உதவிக்கு ஆள் அழைக்க, தனி அவசரப் பொத்தானும் உண்டு.

சோலாஸ் உடன்படிக்கையின் ஐந்தாம் அதிகாரத்தில் 2009 ஜூனில் ஏற்கப்பட்டு 2011 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இக்கருவியைக் கட்டாயமாக்கியது. 2011 ஜூலை முதல் கட்டப்படும் நூற்றைம்பது டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களும் எல்லாப் பயணிகள் கப்பல்களும் அதைத் தொடக்கத்திலேயே பெற்றன. பழைய கப்பல்களுக்கு அளவைப் பொறுத்து 2012 முதல் 2014 வரை படிப்படியாகக் காலக்கெடு விதிக்கப்பட்டது. கப்பல் கடலில் ஓடும் நேரமெல்லாம் கருவி இயங்க வேண்டும் என்பதும் விதியிலேயே எழுதப்பட்டது.

பழைய கப்பல்களில் பின்னர் பொருத்தப்பட்ட அமைப்புகளில் பழுது பார்ப்பது தனித் திறனாக வளர்ந்தது. பிரிட்ஜிலுள்ள கட்டுப்பாட்டுப் பலகை நன்றாக இருக்கும். அங்கிருந்து பல தளங்கள் இறங்கிக் கேபின்களுக்குச் செல்லும் கம்பியில்தான் குறை இருக்கும். பிரிட்ஜில் நின்று முதல் கட்ட ஒலியை மட்டும் கேட்டுத் திருப்தியடையும் சோதனை ஆகையால் பயனற்றது. ஒருவர் பிரிட்ஜில் பொத்தானைத் தொடாமல் நிற்க, மற்றொருவர் ஒவ்வோர் அறையாகச் சென்று, கதவை மூடிக்கொண்டு, உறங்குபவரை எழுப்பும் அளவுக்குப் பஸ்ஸர் ஒலிக்கிறதா என்று கேட்க வேண்டும். அதன்மேல் துணியோ ஒட்டுநாடாவோ சுற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தியும் ஒலி அடங்காவிட்டால், பொத்தானின் உள்தொடர்பு ஒட்டிக்கொண்டு நிரந்தரமாக அழுத்திய நிலையில் இருப்பதும் ஒரு காரணமாகலாம். மேலே சொன்ன பாதுகாப்பின் காரணமாகக் கருவி அதை விடையாக ஏற்பதில்லை. மாற்று அதிகாரியைத் தேர்ந்தெடுக்கும் வசதியுள்ள பலகையில், காவல் மாறும்போது தேர்வை மாற்ற மறந்தால், இரண்டாம் கட்ட ஒலி ஆளில்லாத அறையில் அடித்துக்கொண்டிருக்கும். அசைவு உணரிகளைக் கொண்டு தானே ரீசெட் ஆகும் அமைப்புகள் இவை எல்லாவற்றிலும் ஐயத்திற்குரியவை. பொத்தானைத் தேடும் தொல்லை குறைகிறது என்பது உண்மைதான்; ஆனால் நாற்காலியில் உறங்குபவர் புரண்டாலும் அதுவும் அசைவே.

பழுதைவிடப் பெரிய சிக்கல், நல்ல நிலையிலிருந்த கருவி அணைக்கப்பட்டிருந்ததாகும். 2013 மார்ச்சில் டானியோ என்ற சரக்குக் கப்பல், முதன்மை அதிகாரி உறங்கிவிட, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டிய ஃபார்ன் தீவுகளில் தரைதட்டியது. 2015 பிப்ரவரியில் லிஸ்பிளிங்க் சீவேஸ், மது அருந்தியிருந்த அதிகாரியின் காவலில், ஸ்காட்லாந்தின் கில்கோவன் அருகே கரையேறியது. 2017 அக்டோபரில் ரைட்டர் என்ற கப்பல், பிரிட்ஜில் ஆளே இல்லாத நிலையில், வட அயர்லாந்தின் ராத்லின் தீவில் மோதியது. மூன்றிலும் காவல் எச்சரிக்கை அமைப்பு இருந்தது. மூன்றிலும் அது இயங்கவில்லை. ஆட்டோபைலட் இயங்கும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் தானியங்கி நிலையும் ஒரு ஓட்டையாக இருந்தது. கடலில் ஓடும்போதெல்லாம் இயங்க வேண்டும் என்ற விதியோடு அது ஒவ்வாததால், அந்நிலையைப் பயன்படுத்தக் கூடாது என்று 2014இல் சர்வதேச கடல்சார் அமைப்பு சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்தியது.

அணைத்தவர்களை ஒழுங்கற்றவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது; ஆனால் அவர்களுடைய பணிநேரத்தையும் கணக்கிட்டுப் பார்ப்பதே நியாயம். ஆறுக்கு ஆறு முறையில் ஓர் அதிகாரி வாரத்திற்கு 84 மணி நேரம் காவலில் மட்டும் நிற்கிறார். சரக்கேற்றமும் ஆவணங்களும் தனி. வாரத்திற்குக் குறைந்தது 77 மணி நேர ஓய்வு என்னும் சர்வதேச விதியை முழுதும் மதித்தாலும், 91 மணி நேரம் வரை வேலை வாங்க அதில் இடமிருக்கிறது. 2010 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் பவளத்திட்டில் ஏறிய ஷென் நெங் 1 என்ற நிலக்கரிக் கப்பலின் முதன்மை அதிகாரி, விபத்துக்கு முந்தைய 38½ மணி நேரத்தில் 2½ மணி நேரமே உறங்கியிருந்தார் என்று அந்நாட்டுப் புலனாய்வு கண்டது; அது இரவுகூட அன்று, மாலை வெளிச்சம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு இங்கிலாந்தின் வார்சாஷிலும் ஸ்வீடனின் சால்மர்ஸிலும் போலிக் கப்பல்கூடங்களில் உண்மையான அதிகாரிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஹொரைசன் ஆய்வு, ஆறுக்கு ஆறு முறை, நான்குக்கு எட்டு முறையைவிட அதிகம் களைப்பூட்டுவதை 2012இல் உறுதிசெய்தது. இரண்டே அதிகாரிகள் உள்ள கப்பலில் இரண்டாம் கட்ட ஒலி எழுப்புவது, அடுத்த ஆறு மணி நேரக் காவலுக்காக அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கும் மற்றவரைத்தான். அத்தகைய கப்பல்கள் இன்றும் சட்டப்படியே ஓடுகின்றன.